கூடக்குறைய ஒரு துகள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பிறந்த இடம் என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. தொலைக்காட்சியில் அமைச்சர் அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். ‘அறிவியலே நம் நாளைய செல்வம்’ என்றார். அவையில் மேசையைத் தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு வேறு பக்கத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாய்த் தண்ணீரில் என் அண்ணி வேலை பார்க்கும் ஆய்வகம் அடித்துக்கொண்டு போனது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரிந்தது.

அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினாள். குழாயை மூட மறந்துவிட்டாள். அண்ணன் குழாய்க் கடை வைத்திருக்கிறான்; குழாய் விற்கிற வீட்டில் அது பெரிய விஷயம்.

[அண்ணியை ‘ள்’ போட்டு எழுதுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. நேரில் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். கேட்டதற்கு, “கதைக்குள்ள நான் யாரோதானே தம்பி, எழுது” என்றாள். அனுமதி வாங்கியாயிற்று.]

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாகப் பார்த்தேன்.

‘பூமிக்கு அடியில், வட்டமான ஒரு சுரங்கத்தின் பேரமைதியில், பிரபஞ்சத்தின் ஆதி இரகசியம்

இதை அண்ணியே அடித்துவிட்டாள். “பேரமைதியா? பம்பு ஓடுற சத்தத்துல காது அடைச்சுக்கும். நீ ஒரு நாள் வந்து பாரேன்.”

‘துகள் என்பது யாதெனில்

‘யாதெனில்’ வந்தாலே வாசகர் எழுந்து காப்பி போடப் போய்விடுவார். வேண்டாம்.

‘நிதித்துறைத் துணைச் செயலாளரின் அறை வாசலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.’

இது இருக்கட்டும். இதில் அலங்காரம் இல்லை, நாற்காலி இருக்கிறது. இந்தக் கதையில் நாற்காலிகள் நிறைய வரும்.

2.

அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தச் சுரங்கத்தில் ரயில் பெட்டிகள் போலக் கோத்த காந்தங்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றின் நடுவே துகள்களை எதிரெதிரே விரட்டி மோத விடுகிறார்கள். மோதலில் சிதறுவதை அண்ணியின் குழு படம் பிடிக்கிறது. அவர்கள் தேடுவது ஒரே ஒரு வகைச் சிதறலை. அது வர வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்துகொண்டிருக்கிறது. சீராகச் சரிந்து இறங்கும் கோட்டில், தெருவில் வேகத்தடை போட்ட மாதிரி, ஒரு சின்ன மேடு.

அண்ணன் அதற்கு வைத்த பெயர் கொப்புளம். “என்ன, உன் கொப்புளம் உடைஞ்சுதா, அமுங்குச்சா?” என்றுதான் தினமும் விசாரிப்பான்.

அந்த மேடு யாருமே இதுவரை பார்க்காத ஒரு துகளின் நிழலாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நாணயத்தைச் சுண்டினால் சில நேரம் வரிசையாகத் தலையே விழும். அதற்காக அது கள்ள நாணயம் ஆகிவிடாது. மேலும் சுண்டிப் பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டுகள் இயந்திரம் ஓடினால் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அண்ணிக்கு வேண்டியது அவ்வளவுதான். பரிசு வேண்டாம், படம் வேண்டாம். தெரிய வேண்டும். தன் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தக் கருவியைக் கட்டியவள், அதற்குள் என்ன நடந்தது என்று தெரியாமலே ஓய்வு பெற்றுப் போகக் கூடாது.

இயந்திரம் ஓட இரண்டு வேண்டும். நடுவில் இருக்கும் உணரிகள் கதிர்வீச்சில் வெந்துபோயிருந்தன, புதிதாக வேண்டும். காந்தங்களுக்குக் குளிர் வேண்டும். சாதாரணக் குளிர் இல்லை. விண்வெளி வந்து போர்வை கேட்கும் குளிர்.

இன்னும் ஒன்று. ஆய்வகத்தில் அண்ணியின் பட்டப்பெயர் ‘கூடக்குறைய’. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றால், “ஆறு, கூடக்குறைய கால் மணி” என்பாள். சமையலுக்கு எவ்வளவு உப்பு என்றால், “ஒரு ஸ்பூன், கூடக்குறைய ஒரு சிட்டிகை.” இது தயக்கமில்லை. அவர்கள் தொழிலில் அளவைச் சொன்னால் மட்டும் போதாது; அந்த அளவு மேலே எவ்வளவு தவறலாம், கீழே எவ்வளவு தவறலாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாதிப் பொய்.

எங்கள் கடைத்தெருவில் இது தலைகீழ். அங்கே அடிவிலையை ஒருவன் தூக்கத்தில்கூட உளற மாட்டான்.

3.

இனி அந்த நாற்காலிக்கு வருவோம். உள்ளே கூப்பிட்டார்கள்.

துணைச் செயலாளரை ஆய்வகத்தில் ‘கத்தரி’ என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் அண்ணியின் விண்ணப்பம் விரித்திருந்தது. அதில் அண்ணி தன் தொழில் தர்மப்படி மொத்தச் செலவை எழுதி, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, நூற்றுக்குப் பதினைந்து என்று எழுதியிருந்தாள்.

“அம்மா, இதுல கீழ் எல்லைன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே.”

“ஆமாங்க. காந்தத்தக் குளுர வைக்கற ஹீலியம் விலை, கரன்ட் கட்டணம் எல்லாம் ஏறி இறங்கும். நிஜமான செலவு இந்த ரெண்டு எல்லைக்கும் நடுவுல எங்கயாவது விழும்.”

“அப்போ கீழயும் விழலாம்.”

“விழலாம்.”

கத்தரி பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் திரும்பினார். “மேடமே ஒத்துக்கிட்டாங்க. கீழ உள்ளதையே எழுதிக்க.”

“ஐயோ, மேலயும் போகலாங்க!”

“போனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. அடுத்தவங்கள வரச் சொல்லு.”

முடிந்தது. அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, தனக்கு என்ன நடந்தது என்பதே அவளுக்குப் புரியவில்லை. அளவைச் சொன்னாள், அதன் நேர்மையைச் சொன்னாள், அந்த நேர்மையைக் காரணம் காட்டியே கழுத்தில் கை வைத்துவிட்டார்கள்.

[இங்கே வாசகருக்கு ஒரு வார்த்தை. அண்ணிக்கு முன்னால் உள்ளே போனது சாலைத் துறை. அவர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். கத்தரி பாதியை வெட்டுவார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வராந்தா திரும்பியதும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். அந்தக் கட்டடத்தில் இது எல்லாருக்கும் தெரியும். சுவரில் இருக்கும் பல்லிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள்.]

இந்தக் கத்தரியை எழுதிய விதத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆளை வில்லனாக எழுதிவிட்டேனோ? அண்ணியிடம் கேட்டேன்.

“சேச்சே, நல்ல மனுஷன் தம்பி. அன்னிக்கு மழை. தன் குடையக் குடுத்து அனுப்பினாரு. அவர் பொண்ணு பௌதிகம் படிக்குதாம், ஒரு நாள் சுரங்கத்தக் காட்ட முடியுமான்னு கேட்டாரு.”

இது என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. கெட்டவன் செய்தால் ஆளை மாற்றச் சொல்லலாம். நல்லவரை உட்கார வைத்தாலும் அந்த நாற்காலி இதையேதான் செய்கிறது என்றால், யாரை மாற்றச் சொல்வது?

4.

கீழ் எல்லைப் பணத்தில் உணரிகள் வந்தன. குளிருக்கு இல்லை.

அண்ணி சுரங்கத்துக்குள் இறங்கியபோது குளிர்ப் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஒரு வால்வின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை எல்லாரும் ‘ஐஸ்’ என்பார்கள்.

“மேடம், வருஷக் கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கலாம். அதுக்கப்புறம் காந்தத்தச் சூடாக விட்டுட வேண்டியதுதான்.”

“கூடக்குறைய?”

“குறையத்தான். கூட வராது.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “சூடானா ஒவ்வொண்ணும் நீளும். எந்த மூட்டு கசியும்னு எனக்குத் தெரியாது. மறுபடி குளுர வைக்க மாசக்கணக்காகும், கை பழகின பசங்க வேணும். பசங்க இருப்பாங்களா? ரெண்டு பேரு வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மனுப் போட்டுட்டாங்க. நான் போட்டேன்னு சொல்லல. போடலன்னும் சொல்லல.”

“வாசல்ல அவ்வளவு பெரிய வளைவு கட்டுறாங்களே, அந்தக் காசுல கொஞ்சம்...”

“அது கட்டடத் தலைப்புல ஒதுக்கின பணம் மேடம். குளிர் வேற தலைப்பு. மாத்தினா ரெண்டு பேரும் உள்ள போவோம்.”

இந்த வளைவைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது. ஆய்வகத்தின் முன்வாசலில் கருங்கல் போர்த்திய வளைவு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு நீரூற்று. அதற்கு யாரும் கூட்டல் கழித்தல் கேட்கவில்லை. அதனால் நிச்சயமாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்கவில்லை. காரணம் எளிது. வளைவுக்கு ரிப்பன் கட்டலாம். பெரியவர்கள் வந்து வெட்டலாம். காந்தத்துக்கு ரிப்பன் கட்டினால், வெட்ட வந்தவர் கையிலிருந்து கத்தரிக்கோல் பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும்.

[நாற்காலிகள் பற்றி: ஆண்டு முடிவதற்குள் செலவழியாத பணம் கஜானாவுக்குத் திரும்பிவிடும். திரும்பினால் ‘உங்களுக்குத் தேவையே இல்லை போலிருக்கிறதே’ என்று அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஆண்டின் கடைசி வாரத்திலும், சாமான் தலைப்பில் மிஞ்சிய பணத்துக்கு, மேலிருந்து ஆணை வந்து நாற்காலி வாங்குகிறார்கள். அந்த ஆய்வகத்தில் சுழலும் நாற்காலி, சாயும் நாற்காலி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலி எல்லாம் உண்டு. குளிர் போன பிறகு எல்லாரும் வசதியாக உட்கார்ந்து காந்தங்கள் சூடாவதைப் பார்க்கலாம்.]

5.

ஆண்டு முடியும் முன் ஒரு வாசல் திறந்தது. துணை மதிப்பீட்டுக் கூட்டம். விட்டுப்போனதைக் கேட்க இன்னொரு வாய்ப்பு. அண்ணியின் பெயர் பட்டியலில் இருந்தது.

அண்ணன் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தான். கையில் ஒரு பித்தளைக் குழாய். மேசையின் அந்தப் பக்கம் அண்ணியை உட்கார வைத்தான். நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில்.

“இது என்ன விலைன்னு கேளு.”

“என்ன விலைங்க?”

“ஆயிரம்.”

“நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?”

“அத என் பொண்டாட்டிக்கே சொல்லலம்மா.”

“நான்தாங்க உங்க பொண்டாட்டி.”

“அதான் சொல்லல.” குழாயை அவள் பக்கம் தள்ளினான். “இப்ப நீ வித்துக் காட்டு.”

“இது ஆயிரம், கூடக்குறைய...”

“நாக்கக் கடிச்சுக்கோ! இங்க பாரு. உன் நிஜச் செலவு பத்துன்னா இருபது கேளு. அவரு பாதி வெட்டுவாரு. வெட்டினதும் அழற மாதிரி எந்திரி. கூப்பிடுவாரு.”

“கூப்பிடலன்னா?”

“கைப்பைய மறந்துட்டு வா. எடுக்கத் திரும்பிப் போகலாம்ல.”

அண்ணி சிரிக்கவில்லை. குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இருபதுங்கறது பொய்தானே?”

“பொய்னா ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. விலை அப்படியில்ல. சொல்றவனுக்கும் தெரியும், கேக்கறவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற ஆட்டம். ஆடத் தெரியாதவ ஆட்டக்களத்துக்குப் போனதுதான் தப்பு.”

“சரி,” என்றாள் அண்ணி, குழாயை மேசையில் வைத்துவிட்டு. “செலவு நம்ம விஷயம். அதுல ஆடலாம்.”

அந்த ‘அதுல’வை அண்ணன் கவனிக்கவில்லை. நானும்தான்.

6.

மறுபடி அதே அறை. இந்த முறை விண்ணப்பத்தில் குளிருக்கு மட்டும், ஒரே ஒரு எண். இரண்டு மடங்கு. பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. அதை எழுதிய கை அவள் மடியில் சும்மா இருக்க முடியாமல் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

கத்தரி தாளைத் திருப்பிப் பார்த்தார். “உங்க கூடக்குறைய எங்கம்மா?”

“இல்லைங்க. இதுதான் செலவு.”

“போன தடவை குளிருக்குப் போட்டதுக்கு ரெண்டு மடங்கா?”

“விலைவாசி ஏறிடுச்சுங்க.”

கத்தரியின் முகம் மலர்ந்தது. நெடுநாள் ஊமையாக இருந்த பிள்ளை பேசிவிட்டது போல அண்ணியைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், சரிபாதி வெட்டினார். அண்ணிக்கு அழுவது போல எழுந்திருக்க மறந்துவிட்டது. அந்தப் பாதி, அவள் முதல் தடவை குளிருக்கென்று உள்ளதை உள்ளபடி கேட்டிருந்த அதே தொகை. இருபதில் பொய் சொன்ன பிறகுதான் பத்தில் இருந்த உண்மை கிடைத்தது. [இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ‘ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது’ என்று நானே அடித்திருப்பேன்.]

“ஒரு வரி மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க,” என்றார் கத்தரி. “மேல கேப்பாங்க. ‘இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய துகள் நிச்சயமாகக் கண்டுபிடிக்கப்படும்.’ அவ்வளவுதான்.”

அண்ணி பேனாவை வாங்கினாள். எழுதவில்லை.

“கண்டுபிடிக்கப்படலாம்னு எழுதறேங்க.”

“லாம் எல்லாம் வேணாம்மா. லாமுக்கு யாரு பணம் ஒதுக்குவா?”

“ஓட்டினா, இருக்கா இல்லையான்னு கட்டாயம் தெரிஞ்சுடும். அத நிச்சயம்னு எழுதறேன்.”

“இல்லைன்னு தெரிஞ்சுக்கவா இவ்வளவு செலவு?”

“இல்லைன்னு தெரியறதும் தெரியறதுதாங்க.”

“இத நான் மேல போய் எப்படிச் சொல்லுவேன்?” கத்தரியின் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கெஞ்சல் இருந்தது. “எல்லாரும் எழுதறாங்கம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு யாரு எடுத்துப் பாக்கப் போறா? இன்னிக்குக் கையெழுத்தாகலன்னா பணம் திரும்பிப் போயிடும். எனக்கும் உங்க மெஷின் ஓடணும்னு ஆசைதான்.”

அண்ணி அந்த வெற்று வரியைப் பார்த்தாள். அண்ணன் சொல்லிக் கொடுத்த கணக்கு இங்கே உதவவில்லை. விலை இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம், சரி. இங்கே பேசப்படும் சரக்கு அவளுடையதும் இல்லை, கத்தரியுடையதும் இல்லை. அந்த மேடு இந்த மேசையில் உட்காரவில்லை. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. யார் பாதி வெட்டினாலும் பாதியாகாது. அதன் சார்பில் கையெழுத்துப் போட அவள் யார்?

போடாவிட்டாலோ, ஐஸ் வால்வைத் திறந்து குளிரை வெளியே விட்டுவிடுவார்.

7.

பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

மழுப்பவில்லை, நிஜமாகவே தெரியாது. இதுவரை சொன்ன அண்ணி இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

“மீதிய நீ எழுதி முடிச்சப்புறம் சொல்றேன்.”

“ஏன் அண்ணி?”

“எங்க வேலைல விடைய மூடி வச்சுட்டுத்தான் கணக்குப் போடுவோம். விடை முன்னாடியே தெரிஞ்சா கை தானா அந்தப் பக்கம் வளையும். நான் கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா என்னப் பாவமா எழுதுவ. போடலன்னு தெரிஞ்சா சிலை வச்சுடுவ. ரெண்டும் வேணாம்.”

அதனால் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) போட்டுவிடுகிறாள். இயந்திரம் ஓடுகிறது. மேடு வளர்கிறது, துகள் கிடைக்கிறது. வளைவின் கீழே நின்று அமைச்சர் படம் எடுத்துக்கொள்கிறார். [எனக்கே கூசுகிறது. பொய்க்குப் பரிசு கொடுக்கும் கதையை எதற்கு நான் எழுத வேண்டும்? அதைத்தான் அலுவலகங்கள் தினமும் எழுதுகின்றனவே.]

ஆ) போட்டுவிடுகிறாள். இயந்திரம் ஓடுகிறது. மேடு மெல்லக் கரைந்து கோட்டோடு கோடாகிறது. ஒன்றுமில்லை என்று உலகத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்குகிறாள். காலையில் விசாரணைக் குழு, அவள் கையெழுத்தை விரித்து வைத்துக்கொண்டு, ‘நிச்சயம்’ என்ற சொல்லின் மேல் விரலை

இ) போடவில்லை. பேனாவை மூடி வைக்கிறாள். சுரங்கம் சூடாகிறது. பசங்கள் போகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து வேறு எங்கோ, வேறொரு அரசு ‘லாம்’ என்ற சொல்லுக்குப் பணம் கொடுத்த நாட்டில், விடை வெளியாகிறது. அண்ணி அதைக் கைப்பேசியில், கடையில் குழாய்களுக்கு நடுவே நின்று வாசிக்கிறாள். அண்ணன் முதல் தடவையாகக் கொப்புளத்தைப் பற்றி விசாரிக்காமல்

முடிக்க முடியவில்லை. மூன்றிலும் எனக்கு ஒரே ஆத்திரம்தான் வருகிறது. ஒரு பெண் உண்மையைச் சொன்னால் உண்மையை இழக்கிறாள். பொய்யைச் சொன்னால்தான் உண்மையைத் தேடவே விடுகிறார்கள். இந்தக் கணக்கை எழுதியது எந்தப் பிரபஞ்சமும் இல்லை. நம்மைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு எழுதியது.

8.

அண்ணனிடம் இதுவரை எழுதியதைக் காட்டினேன். கடை வாசலில் நின்றபடியே படித்தான். “முடிவு எங்கடா?” என்றான். “முடிவில்லாத கதைய எவன் வாங்குவான்?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. நீங்களும் முதல் வரியிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் செலவழிக்கிறோமே, கடைசியில் ஏதாவது கிடைக்குமா? நியாயமான கேள்வி. கத்தரியின் கேள்வியும் அதுதான். நல்ல மனிதர், குடை கொடுப்பவர்.

நான் உங்களுக்கு எந்த உறுதியும் எழுதிக் கொடுக்கவில்லை. தொடக்கம் இரண்டு தடவை அடிபட்டது. வாக்கியங்களைப் பாதியில் விட்டேன். முடிவு தெரியாது என்று நேராகவே சொன்னேன். அப்படியும் எட்டாவது பகுதிவரை வந்துவிட்டீர்கள். வர முடிகிறது, பார்த்தீர்களா? ‘லாம்’ என்ற ஒரே சொல்லை நம்பி இவ்வளவு தூரம் வர முடிகிறது. அண்ணி கேட்டதும் இதைத்தான். இதற்கு மேல் ஒரு பிடிகூடக் கேட்கவில்லை.

நான் இப்போது அண்ணனின் வீட்டுக்குப் போய், மூடி வைத்ததைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கேட்டு வந்து உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் கையும் வளையும்.

அந்த அறையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கத்தரி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார். பேனா அண்ணியின் கையில் இருக்கிறது, தாளில் ஒரு வரி காலியாக இருக்கிறது. எதிரே ஒரு நாற்காலி; பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, உங்கள் வரிப்பணத்தில் வாங்கியதுதான். உட்காருங்கள். லாம் போதுமா, போதாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கீழே காந்தங்களில் குளிர் குறைந்துகொண்டிருக்கிறது.